வாடைக்காலத்துத் தீவுப் பயணம்

மார்கழி பிறந்தால் மேலைநாட்டு முதியோருக்குக் கடல் நினைவு வந்துவிடுகிறது. பனி படர்ந்த நகரங்களில் உழைத்து ஓய்ந்த கணவனும் மனைவியும், நத்தார்க் காலத்தை வெயிலிற் கழிக்க விரும்பிக் கப்பலேறுகின்றனர். மியாமியிலிருந்தும் லோடர்டேலிலிருந்தும் புறப்படும் அக்கப்பல்கள் பஹாமாஸ், பார்படோஸ், சென் லூசியா என்று கரிபியன் தீவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும். அக்கடலில் மழையும் புயலும் ஓய்ந்து வறட்பருவம் தொடங்கும் காலம் அது. 2024 சனவரியிற் சேவையில் இறங்கிய ‘ஐகன் ஒவ் த சீஸ்’ என்ற கப்பல் ஏறத்தாழ 7,600 பயணிகளை ஏற்றவல்லது. நம் நெடுந்தீவில் இன்று வாழ்வோர் தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. தீவு முழுவதையும் அக்கப்பலில் ஏற்றிவிட்டாலும் இடம் மிஞ்சும்.

அத்தகைய கப்பலொன்றின் படங்கள் 2024ஆம் ஆண்டு கார்த்திகையில் கொக்குவிலில் ஒரு வீட்டுக் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தன. வீட்டுக்காரர் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் துணைவியார் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ரொறன்ரோவில் வாழும் மகள், பெற்றோரைத் தன்னிடம் அழைத்து, அங்கிருந்து கப்பலிற் பத்துநாள் தீவுகளைக் காட்டிவரத் திட்டமிட்டிருந்தாள். வாழ்நாள் முழுவதும் மாணவருக்கு உலகப்படத்தில் விரல்வைத்துக் காட்டிய தீவுகளை நேரிற் காணலாம் என்ற எண்ணம் ஆசிரியருக்கு இனித்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு ஒவ்வொரு படமாக மனைவிக்கு விளக்கினார். நீச்சற் குளம், பதினைந்துக்கும் மேற்பட்ட தட்டுகள், நடுக்கடலில் ஒரு பூங்கா. அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

“உந்தக் கப்பலிலை போய்வர எத்தினை நாள் செல்லும்?”

“பத்து நாளெண்டு போட்டிருக்கு.”

“நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலந்தானே, இஞ்சாருங்கோ.”

ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு மகளுக்கு, “வாற வருஷம் பாப்பம், பிள்ளை” என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

கடற்பயணம் அவ்விருவருக்கும் புதிதன்று. மணமான மறு ஆண்டு, 1979இல், சிதம்பர தரிசனத்துக்கென்று அவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலிற் சென்றனர். அக்கப்பலின் பெயர் ‘இராமானுஜம்’. 1914இல் தொடங்கிய அந்தத் தொடர்பு, முதல் ஐம்பது ஆண்டுகள் தனுஷ்கோடி வழியாக நடைபெற்றது. சென்னையிற் புகைவண்டி ஏறியவர் கப்பல்மாறிக் கொழும்புக்கு வந்துசேரும் அவ்வழியை மக்கள் ‘போட் மெயில்’ என்றே அழைத்தனர். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிய பின்னர் இராமேசுவரமே அக்கரைத் துறையாயிற்று. எண்பதுகளின் நடுப்பகுதிக்குள் அதுவும் நின்றுபோயிற்று. அம்மையாருக்கு அப்பயணத்தில் இன்றும் நினைவிருப்பது கோயிலன்று. கப்பலில் மேற்றட்டில் நின்று கரை மறைவதைப் பார்த்தபோது ஆசிரியர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதும், தீவில் வளர்ந்த தமக்கு ஒன்றும் நேராததுமே அவர் அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் கதை.

இன்றைய நிலையில் யாழ்ப்பாணத்தவர் கப்பலேற வழியே இல்லை என்று கூறிவிட முடியாது. 2023 யூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘கோடீலியா’ நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்து நின்றபோது வேடிக்கை பார்க்கப் போனோர் பலர். அதே ஆண்டு ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே ‘செரியாபாணி’ ஓடத் தொடங்கிச் சில நாளில் நின்றது. 2024 ஓகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ ஓடியது. மாரி தொடங்கியதும் அதுவும் நிறுத்தப்பட்டது. வங்கக் கடலில் வாடை வீசும் காலத்தில் வேறு செய்வதற்கில்லை. கரிபியன் தீவுகளுக்கு மார்கழி கடல் திறக்கும் மாதம். நமக்கோ அது கடல் மூடும் மாதம். மேலைநாட்டு விடுமுறைக் காலத்தை அப்படியே நம் கடலுக்குப் பொருத்திப் பார்ப்போர் இந்த உண்மையை மறந்துவிடுகின்றனர். புலம்பெயர்ந்தோர் பலர் மார்கழி விடுமுறையில் வந்து, குறிகட்டுவானில் நின்று, அலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது ஆண்டுதோறும் நடக்கும் காட்சி.

நிற்க. அம்மையார் பிறந்தது நெடுந்தீவு. மணமாகிக் கொக்குவிலுக்கு வந்த பின்னரும் ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை தாய்வீடு சென்றுவந்தவர், 1985இன் பின் ஒருதரமும் செல்லவில்லை. அந்த ஆண்டு மே 15ஆம் நாட் காலை, நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட ‘குமுதினி’ என்ற பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. வேறொரு படகில் வந்தோர் ஏறினர். பயணிகளைப் படகின் உட்பகுதிக்குள் அடைத்து, ஒவ்வொருவராக அழைத்து வெட்டியும் குத்தியும் கொன்றனர். வந்தவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் கூறினர். இறந்தோர் தொகை 23க்குக் குறையாது என்று ஒரு கணக்கும், 36 என்று இன்னொரு கணக்கும் உண்டு. கைக்குழந்தையும் அவர்களுள் அடக்கம். சில ஆயிரம் பேரே வாழும் தீவொன்றில், இறந்தவர் எவரும் எவருக்கும் அந்நியரல்லர்.

அதற்கு அடுத்த ஆண்டு மார்கழியில் அம்மையாரின் தாயார் நெடுந்தீவிற் காலமானார். செய்தி வந்த காலை அம்மையார் புறப்பட்டு நின்றார். பிள்ளைகளுக்கு ஏழும் நான்கும் வயது. ஆசிரியர் யாழ்ப்பாணப் பட்டினம் வரை சென்று விசாரித்துவிட்டு வந்து, “கடல் சரியில்லையாம். வள்ளம் ஒண்டும் விடேல்லை” என்றார். அம்மையார் உடுத்தியிருந்த சேலையை மாற்றிக்கொண்டு, தலைமுழுகிவிட்டு அடுப்படிக்குச் சென்றார். தாயின் முகத்தை அவர் காணவில்லை. அதன்பின் அந்தப் பேச்சு வீட்டில் எடுக்கப்படவுமில்லை. போர், இடப்பெயர்வு, பிள்ளைகளின் பயணம், ஓய்வு என்று முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. இடையில் பாதை திறந்தது, அமைதி வந்தது, உறவினர் போய்வந்தனர். ஆசிரியர் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். அதனாலேதான், ‘நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலந்தானே’ என்ற வார்த்தைக்கு அவரால் உடனே மறுமொழி கூற முடியவில்லை.

நத்தார் முடிந்த மறுநாள் இருவரும் யாழ்ப்பாணத்திற் பஸ் ஏறினர். பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் வேலணை. அங்கிருந்து வாணர் தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. அதன் மேற்கு முனையிற் குறிகட்டுவான் இறங்குதுறை. இருமருங்கும் ஆழமற்ற கடல். களங்கண்ணி வலைகளின் தடிகள் நீருக்கு மேலே வரிசையாக நின்றன. மாரி நீரைக் கண்டு வந்த வெளிநாட்டுப் பறவைகளும் நின்றன. சென்றவிடமெல்லாம் பாடம் நடத்துவது ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு இயல்பு. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் ஊர்களின் பெயர்களைச் சூட்டியதை அவர் மனைவிக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். வேலணை லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். ஏனையவை மறைந்துபோக, டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் அரச ஏடுகளிலும் ஆங்கில வழக்கிலும் இன்றும் நிலைத்துள்ளது. குளிர்நாட்டிலிருந்து வந்தவன், வெயில் காயும் தீவுக்குத் தன் ஊரின் பெயரை இட்டது ஆட்சி உரிமையினால் மட்டுமா, அல்லது வீட்டு நினைவும் சிறிது கலந்திருந்ததா என்று ஆசிரியர் வினவினார். அம்மையார், “வீட்டு நினைவு வராமல் ஆருக்கு இருக்கும்” என்று வெளியே பார்த்தபடி சொன்னார்.

குறிகட்டுவானில் இறங்கியபோது வாடை பலமாக இருந்தது. நெடுந்தீவுப் படகு இறங்குதுறையிற் கட்டிக் கிடந்தது. படகுக்காரர் ஒருவர் புகையிலையைத் துப்பிவிட்டு, “இண்டைக்கு இல்லை, ஐயா. கடல் சரியில்லை” என்றார்.

அம்மையார் திரும்பித் தம் கணவரைப் பார்த்தார். ஒரு கணந்தான். ஆசிரியர் கடலைப் பார்ப்பவர்போல் நின்றார்.

நயினாதீவுக்குச் செல்லும் ஓடை குறுகியது. கால் மணித்தியாலத்திற் கடந்துவிடலாம். அங்கு படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. நாகபூஷணி அம்மனைத் தரிசித்து, இரவை மடத்திற் கழித்து, விடிந்தபின் முயலலாம் என்று முடிவாயிற்று. ஆனித் திருவிழாவில் நிற்க இடமின்றி நெருங்கும் அத்தலம், மார்கழி மழைநாளில் வெறிச்சோடியிருந்தது. திருவெம்பாவைக் காலத்துக்கு முந்திய மாலைப் பூசைக்கு ஊரவர் பத்துப் பதினைந்து பேரும், மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் சிலவுமே இருந்தன.

இத்தலத்திலுள்ள தமிழ்க் கல்வெட்டொன்றைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். வரலாற்று மாணவர் அதனை அறிவர். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பரதேசிகள் ஊர்காவற்றுறையில் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குத் தீங்கு நேராமற் காக்க வேண்டும் என்று கூறும் அக்கல்வெட்டு, கப்பல் உடைந்தால் நேர்வதையும் வகுத்துள்ளது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பலெனின் நாலிலொரு கூறு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வாணிகப் பண்டம் கொண்டுவந்த கப்பலெனின் செம்பாதி. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கடலிற் கப்பல் உடைவது சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்கு வழக்கமாயிருந்தது என்பதும், கரையொதுங்கிய அந்நியனுக்கும் ஓர் உரிமை உண்டெனத் தமிழிற் பொறித்து வைத்தனர் என்பதும் எண்ணத்தக்கவை. 1985இல் குமுதினியில் இருந்தவர்கள் பரதேசிகளும் அல்லர்.

மணிமேகலை கூறும் மணிபல்லவம் இந்த நயினாதீவே என்பாரும் உளர். அல்ல என்பாரும் உளர். அந்த வாதத்தை அறிஞருக்கு விட்டுவிடலாம். ஆயினும் அக்காப்பியத்தில் ஆபுத்திரனுக்கு நேர்ந்தது தீவுவாசிகளுக்கு நன்கு விளங்கும். சாவகம் செல்லும் கப்பலில் ஏறிய அவன், காற்றின் கடுமையால் மரக்கலம் மணிபல்லவத்தில் தங்கியபோது கரையில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று கருதி மாலுமி இரவிற் பாய்விரித்துச் சென்றுவிடுகிறான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கையிலிருந்தும், உண்பார் எவருமில்லாத தீவில் அவனால் வாழ இயலவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறான். கப்பல் தவறிப்போதல் என்பதைச் சாத்தனார் பெருந்துன்பமாகவே கண்டார். கோயிலருகே அமுதசுரபி என்ற பெயரிலே அன்னதான மண்டபம் ஒன்று உண்டு. சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் உண்டபின், இருவரும் மடத்து விறாந்தையில் இருந்தனர்.

மழை ஓய்ந்திருந்தது. நெடுநேரம் பேசாதிருந்த ஆசிரியர், “அண்டைக்குக் கடல் சரியாத்தான் இருந்தது” என்றார்.

எந்த நாள் என்று அம்மையார் கேட்கவில்லை. “எனக்குத் தெரியும்” என்றார். “செத்தவீடு முடிஞ்ச மற்ற நாள் அண்ணை வள்ளத்திலை வந்தவரெல்லே. கடல் குளம்போலக் கிடந்ததெண்டு அவர்தான் சொன்னவர்.”

“அப்ப ஏன் நீர் ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பியள்? பிள்ளையளைக் காட்டியிருப்பியள். நானும் பிள்ளையளைத்தான் பாத்திருப்பன்.” சிறிது நேரத்தின் பின், “ஆனால் நீங்கள் சொல்லியிருக்கலாம், பயமாக் கிடக்கெண்டு. கடலிலை பழியைப் போட்டிட்டியள்” என்றார்.

அன்றைய அச்சம் பொய்யன்று. அதனை எவரும் குறைகூற இயலாது. அச்சத்தை அச்சமென்று கூறாது வேறு பெயர் இட்டதே முப்பத்தெட்டு ஆண்டுகள் இருவருக்குமிடையே கிடந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் இவ்வாறு கடலின்மீதும் காய்ச்சலின்மீதும் போக்குவரத்தின்மீதும் போடப்பட்ட பழிகள் எத்தனையோ!

விடிந்தபோது காற்று தணிந்திருந்தது. மீண்டும் குறிகட்டுவானுக்கு வந்து, நெடுந்தீவுப் படகில் ஏறினர். உல்லாசக் கப்பலில் எல்லாம் பயணிகளின் இன்பத்துக்கென்றே அமைந்திருக்கும். இந்தப் படகிலோ பயணிகளே பின்னர் ஏற்றப்பட்டவர்கள்போற் காணப்பட்டனர். முதலில் ஏறியவை சீமெந்துப் பைகள், மரக்கறிக் கூடைகள், வாயு உருளைகள், ஒரு துவிச்சக்கரவண்டி. விடுமுறையாதலால் நாள்தோறும் போய்வரும் ஆசிரியர்கள் இல்லை. யாழ்ப்பாண வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் முதியவர் ஒருவர், மகனின் தோளிற் சாய்ந்திருந்தார். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பரீட்சை எழுதும் மாணவனுக்கும் இந்தப் படகே வழி. கடல் மூடினால் அவர்களுக்கு வழி இல்லை. தீவுப் பயணத்தை உல்லாசம் என்று விளம்பரம் செய்வோர் ஒரு வாடைக்காலம் முழுவதும் நெடுந்தீவில் இருந்துபார்க்க வேண்டும்.

உயிர்காப்பு அங்கியின் வார்களை ஆசிரியர் மனைவிக்கு இறுக்கிவிட்டார். அம்மையார் உட்பகுதிக்குள் செல்ல மறுத்துவிட்டார். வெளியே, விளிம்போரப் பலகையில் அமர்ந்தார். படகு ஓடையைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் ஆடத் தொடங்கிற்று. ஆசிரியருக்கு 1979 போலவே தலைசுற்றியது. அம்மையார் கைப்பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து நகத்தாற் கீறி அவர் மூக்கருகே பிடித்தார். நடுக்கடலில் இயந்திரம் சற்றே இரைச்சல் குறைந்து மீண்டும் எழுந்தது. அவ்வளவுதான். ஆனாற் படகிலிருந்த வயதானவர்கள் எல்லோரும் ஒரே வேளையில் தலைநிமிர்ந்தனர்.

மாவிலித்துறையில் இறங்கியவுடன் கண்ணிற்படுவது குமுதினியில் மாண்டோருக்கான நினைவுத்தூபி. ஆண்டுதோறும் மே 15இல் மக்கள் அங்கே கூடி விளக்கேற்றுகின்றனர். அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னே நின்றார். ஆசிரியர் சற்றுப் பின்னே நின்றார்.

நெடுந்தீவு ஏறத்தாழ ஐம்பது சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய தட்டையான நிலம். மாரியில் அதன் அழகே வேறு. முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள், அவற்றின் இடைவெளிகளிற் பசும்பாசி, வேலிக்கப்பால் நீர் தேங்கிய புல்வெளிகள். அவ்வெளிகளிலே கட்டாக்காலிக் குதிரைகள் தலைகுனிந்து மேய்ந்தன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் குதிரை வளர்த்த இடம் இது. வளர்த்தோர் சென்றனர், குதிரைகள் தங்கிவிட்டன. கோடையில் நீரின்றி அவற்றுட் சில மடிவதும் உண்டு. அராபியக் கடலோடிகள் கொணர்ந்ததாகக் கருதப்படும் ஆபிரிக்கப் பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவு, புறாக்கூடு என்று காட்டுதற்குப் பல உண்டு. முச்சக்கரவண்டிக்காரர் அவற்றின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கினார். தமிழாராய்ச்சியை உலகெங்கும் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகளின் தந்தைவழி ஊர் இதுவே என்று ஆசிரியர் தம் பங்குக்குச் சேர்த்தார். அடிகளார் பிறந்தது ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில், 1913இல். எத்தனையோ கடல்களைக் கடந்து, லிஸ்பனில் 1554இல் அச்சான தமிழ் நூலைக் கண்டு உலகுக்கு அறிவித்தவருக்கு, முதற் கடல் இந்த ஓடையாகவே இருந்திருக்கும். அம்மையாருக்கோ இவற்றில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. “முதலிலை வீட்டடிக்கு விடு, தம்பி” என்றார்.

வீடு என்று சொல்ல எஞ்சியிருந்தவை மூன்று சுவர்களும் ஒரு கிணறும். அண்ணன் குடும்பம் கடல்கடந்து போய் நெடுநாளாயிற்று. கூரை இருந்த இடத்தில் ஒரு பூவரசு வளர்ந்திருந்தது. அம்மையார் அழவில்லை. அடுப்படி எது, சாமியறை எது, தாயார் பாய் போட்டுப் படுக்கும் மூலை எது என்று கணவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். ரொறன்ரோக் கப்பலின் படங்களை ஆசிரியர் விளக்கிய அதே பொறுமையோடு அவர் விளக்கினார். ஆசிரியரும் ஒரு மாணவன்போலக் கேட்டுக்கொண்டு நின்றார். சுடலை அங்கிருந்து தொலைவிலில்லை. அம்மையார் அங்கே செல்லவேண்டுமென்று கூறவில்லை. அவரே, “வாரும், போட்டு வருவம்” என்றார். தாயாரைத் தகனஞ்செய்த இடம் இதுவென்று சுட்ட அடையாளம் ஏதுமில்லை. மாரிப் புல் எங்கும் ஒரேயளவாக வளர்ந்திருந்தது. அம்மையார் கொண்டுவந்த கற்பூரத்தைக் காற்று மூன்றுமுறை அணைத்தது. நான்காவது முறை ஆசிரியர் தம் குடையை விரித்து மறைத்துப் பிடித்தார்.

பிற்பகற் படகுக்கு நேரமாயிற்று. புறப்படுமுன் அம்மையார் கிணற்றடிக்குச் சென்று, வண்டிக்காரரிடம் வாளியும் கயிறும் வாங்கி நீரள்ளித் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டார். சாராப்பிட்டிக் கிணறுகளைத் தவிர்த்தால் நெடுந்தீவில் நன்னீர் அரிது. ஆசிரியர் ஒரு மிடறு குடித்து முகஞ்சுளித்தார்.

“சவர்.”

“மழைக்காலத்திலை இது இனிப்பு. கோடையிலை வந்து குடிச்சுப் பாக்கவேணும்.”

படகில் இருவரும் வெளியேதான் அமர்ந்தனர். வரும்போது பேசாதிருந்த அம்மையார், ஒவ்வொரு திசையையும் காட்டிக் கச்சான் அடிக்கும்போது அலை எங்கே உடையும், சோளகத்தில் எங்கே நீரோட்டம் இழுக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். புவியியல் ஆசிரியர் அறியாத புவியியல் அது. குறிகட்டுவானை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. யாழ்ப்பாண பஸ் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு நின்றது. அதற்குள் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. அடுத்த ஆண்டுக் கப்பலுக்கு இப்போதே பதிந்தால் மலிவாம். என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்டாள்.

ஆசிரியர் தொலைபேசியை மனைவியிடம் நீட்டினார். அம்மையார் ஒரு கையாற் போத்தலைப் பிடித்தபடி, “பதி, பிள்ளை, பதி. ஆனால் ஆனிக்கு முந்தி வேண்டாம். சித்திரையிலை கோடையாக் கிடக்கும், அப்ப நாங்கள் இன்னொருக்கா நெடுந்தீவுக்குப் போகவேணும்” என்றார்.